சாம்பிராணி வந்தால் எழுந்துவிட வேண்டும்

சூடான் நாட்டு அத்பராவில் ரயில் பட்டறைக்குப் பின்தெருவில் வசிக்கும் என் மதிப்புக்குரிய அண்ணன் அல்-அமீன் அவர்களுக்கு, ஓமானிலிருந்து தம்பி தாஹிர் சலாம் கூறி எழுதுவது. இங்கே நானும், என் பொறுப்பிலுள்ள பள்ளிக்கூடச் சாமான் அறையும், அதில் குடியிருக்கும் எலிகளும் இறைவன் அருளால் சுகம். அங்கே நீங்களும் மதினியும் பிள்ளைகளும், உங்கள் முதுகுவலி நீங்கலாக, சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. என் மகள் இஷ்ராகாவின் நிக்காஹுக்கு நாள் குறித்துவிட்டு, ‘பெண்ணைப் பெற்றவனுக்கு ஒரு லீவு வாங்கத் துப்பில்லையா?’ என்று கேட்டிருந்தீர்கள். துப்பெல்லாம் இருக்கிறது அண்ணே. மரியாதைதான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

பள்ளி நடக்கும் நாளில் லீவு என்றால் தலைமையாசிரியர் ஹிலால் உஸ்தாத் மனசு வைத்தால்தான் உண்டு. ஆபீசுக்குப் போய், “உஸ்தாத், ஒரு விஷயம்…” என்று இழுத்தேன். “விஷயத்தை ஆபீஸ்லயா பேசுவாங்க? வீட்டுக்கு வாங்க, காவா குடிப்போம்” என்றார். போனேன். அவருடைய வாப்பா, மாமனார், இன்னும் நாலைந்து பெரியவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேரீச்சம்பழம் வந்தது, காவாக் காப்பி வந்தது. பிறகு உஸ்தாத், “சேதி என்ன?” என்றார். இந்த ஊரில் அப்படிக் கேட்டால், வீடே பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் முதலில் “ஒண்ணுமில்லை, எல்லாம் சுகம்” என்றுதான் சொல்ல வேண்டும். வந்த காரியத்தை அப்புறம் பேச்சோடு பேச்சாக எடுத்துவிட வேண்டும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து அப்படியே சொன்னேன். உஸ்தாதின் வாப்பா தொடையைத் தட்டி, “பாருங்கடா, சூடான்காரரு! நம்ம பசங்க எவனுக்காவது இந்த முறை தெரியுதா?” என்றார். அந்தப் புகழ்ச்சி உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. லீவு வெளியே வர வழியில்லை. இவ்வளவு முறை தெரிந்தவன் பல்லை இளித்துக்கொண்டு லீவு கேட்டால் நன்றாகவா இருக்கும்? கேட்கலாம், கேட்கலாம் என்று பேரீச்சங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தபோதே சாம்பிராணிச் சட்டி வந்துவிட்டது. அது வந்தால் விருந்தாளி தாடிக்கும் சட்டைக்கும் புகை காட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அதற்கு மேலும் உட்கார்ந்திருப்பவனை மனிதரில் சேர்க்க மாட்டார்கள். எழுந்தேன்.

அடுத்த வாரம், ‘ஒண்ணுமில்லை’ சொன்ன கையோடு ‘ஆனாலும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவது என ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். “ஆனாலும்…” என்றேன். “ஆனாலும் இந்த வருஷம் தண்ணி கம்மிதான்யா” என்று மாமனார் பிடித்துக்கொண்டார். வாய்க்கால் தண்ணீர் யார் தோப்புக்கு முதலில் என்ற வழக்கு ஓய்வதற்குள் சாம்பிராணி. மறுநாள் பள்ளி வாசலில் காவலாளி என்னை முகர்ந்து பார்த்து, “இன்னிக்கும் வாசனை மட்டுந்தானா? லீவு இல்லையா?” என்றான்.

கூத்து அதோடு முடியவில்லை. நேற்று உஸ்தாதே என் அறைக்கு வந்தார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒரு முகத்தோடு. எனக்கோ தலைகால் புரியவில்லை. நம் ஊர்க் குடுவையில் இஞ்சி தட்டிப் போட்டுக் காவா காய்ச்சி, நம் வழக்கப்படியே கரியில் ஒரு பிடி சாம்பிராணியும் போட்டேன். நம் வீட்டில் அந்தப் புகை எழுந்தால், ‘வா, உட்கார், சாவகாசமாகப் பேசலாம்’ என்றல்லவா அர்த்தம்? எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே சந்தோஷத்தில் மறந்துபோனது. உஸ்தாத் புகையைப் பார்த்தார். வாய் வைக்காத கோப்பையைக் கீழே வைத்தார். “சரி, நான் வர்றேன்” என்று எழுந்துவிட்டார். குடுவையும் கையுமாகப் பின்னால் ஓடினேன்.

“உஸ்தாத், உக்காருங்க! இது எங்க ஊருப் புகை! வாங்கன்னு சொல்ற புகை!”

“புகையில எங்க ஊரு உங்க ஊரு ஏதுய்யா? பேசப் பிடிக்கலைன்னா பரவால்ல” என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டு என் தோளைத் தொட்டார். “இஷ்ராகா வாப்பா, நெசமாச் சொல்லுங்க. சேதி என்ன?”

இந்த நாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! “ஒண்ணுமில்லை உஸ்தாத், எல்லாம் சுகம்” என்றது.

ஆகவே அண்ணே, என் இடத்தில் நீங்களே உட்கார்ந்து, மாப்பிள்ளை கையைப் பிடித்து நிக்காஹை முடித்து வையுங்கள். அவள் பிறந்தபோதும் நான் இங்கேதான் இருந்தேன். இந்த ஒரு நாளாவது பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வீர்களோ, தெரியவில்லை. அவள் கோபப்பட்டால் நல்லது. அழுதாள் என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

மதினிக்கும், என்னைத் திட்டுகிற மற்ற எல்லாருக்கும் சலாம். மணமக்கள் வீட்டில் இறைவன் ரொட்டியையும் சிரிப்பையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உபயோகமில்லாத தம்பி,
தாஹிர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உஸ்தாத் ஆள் விட்டார். போனேன். ஆபீசிலேயே, ஒரு வாய் காவாகூடக் கொடுக்காமல் கத்தினார்: “நீங்க மொதத் தடவை எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க மக போன் பண்ணிட்டா. ‘எங்க வாப்பா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, நீங்களே லீவு குடுத்துருங்க’ன்னா. அன்னிக்கே கையெழுத்துப் போட்டாச்சு! கல்யாணச் சேதிய நீங்க சொன்னதும் எல்லார் முன்னாடியும் குடுக்கலாம்னு பாத்தா, வந்து வந்து ஒண்ணுமில்லைன்னுட்டுப் போறீங்க. கல்யாணமே நின்னுபோச்சோன்னு ஆறுதல் சொல்ல வந்தா, புகையப் போட்டு வெரட்டுறீங்க! இப்பத்தான் உங்க மக மறுபடியும் போன்ல என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு வெச்சா.”

“ஒண்ணுமில்லைன்னு சொல்றது முறைதானே உஸ்தாத்?” என்றேன்.

“முறைதான்யா. அதுக்கப்புறம் பேசறதும் முறை!”

வியாழக்கிழமை விமானம். இவ்வளவு எழுதியதைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. தபாலுக்கு முன்னால் நானே வந்துவிடுவேன் என்பதால் கையோடு கொண்டுவருகிறேன். நீங்கள் இதைப் படித்து முடிக்கும்போது எதிரில் அசடு வழிய நிற்பவன் நான்தான். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்து இஷ்ராகாவைக் கூப்பிடுங்கள்.