சிவப்புக் கெண்டி விளக்கு எரிந்த விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் ஆறு வாரப் பயணத்தை முடித்துக்கொண்டு சுகமாக வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, சற்றுச் சாய்ந்து எழுந்த பிறகுதான் இதைப் படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லையென்றால் தயவுசெய்து மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாய்ந்துவிட்டு வாருங்கள். வண்டியும் நலம். இந்த வாக்கியத்தை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. "கடைசியில எழுதினீங்கன்னா, அதுக்குள்ள அவருக்கு ஏதாவது ஆயிடும்" என்கிறாள். கடிதத்தை வண்டியின் முன்பெட்டிக்குள் வைப்பதற்குக் காரணம், அதை உங்களைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள் என்பதுதான். மற்றவர்கள் இதைப் படிக்கக் கூடாது. ஏன் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

நீங்கள் புறப்பட்ட அன்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து, ஆனால் உங்கள் விரலை எடுக்காமல், "சம்பந்தி, பதினாறு வருஷம். ஒரே இன்ஜின். ஒரு தடவைகூட இறக்கினதில்ல. வாரத்துக்கு ரெண்டு தடவை ஓட்டுங்க, இல்லன்னா பேட்டரி படுத்துடும்" என்று சொன்னீர்கள். இதையேதான் பிள்ளைகளின் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, குடும்பம் என்றால் என் கார் இன்ஜின் மாதிரி இருக்க வேண்டும், ஒருத்தர் கையில் ஓடினது, பிரித்து மாட்டாதது என்று சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தீர்கள். நானும் தட்டினேன். சாவி கைமாறிய பிறகு எங்கள் மகள் என்னைத் தனியாக அழைத்துப் போய், "அப்பா, வண்டிக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது. ஆச்சுன்னா அந்த வீட்ல ஆயுசுக்கும் என் காதுலதான் விழும்" என்றாள். நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல என்று சொன்னேன். "மாமா ஒண்ணும் சொல்ல மாட்டார்ப்பா. பெருமூச்சு விடுவார். தினமும் விடுவார்" என்றாள். அந்தப் பெருமூச்சுதான் எனக்கு இத்தனை நாளும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் காகித ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. அங்கே சுவர் முழுக்க விளக்குகள். ஒரு விளக்கு எரிந்தால் மூன்று காரியம் செய்ய வேண்டும். பொத்தானை அழுத்தி மணியை நிறுத்த வேண்டும், நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், அடுத்த ஷிப்டுக்கு வருபவரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து வாங்கிவிட்டால் அது அவருடைய விளக்கு, நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இந்த ஒழுங்கில் முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு குறை வந்ததில்லை. ஆகவே உங்கள் வண்டிக்கும் ஒரு குறிப்பேடு போட்டேன். காலையில் நான் ஓட்டுவது முதல் ஷிப்டு, மாலையில் நீச்சல் வகுப்புக்கு என் மனைவி ஓட்டுவது இரண்டாம் ஷிப்டு. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கெண்டி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. "09.10, சிவப்புக் கெண்டி" என்று எழுதினேன். மாலையில் மனைவியிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் கூரியர்காரருக்குப் போடுவது மாதிரி, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே போட்டாள். ஓட்டும்போது விளக்கைப் பார்த்திருக்கிறாள். மனுஷன் நோட்டுப் போட்டு எழுதுகிறாரே, சரிசெய்யாமலா இருப்பார் என்று நினைத்திருக்கிறாள். மறுநாள் காலை நான் பார்த்து, என் பங்குக்குக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்டவள் கவனிக்காமலா இருப்பாள் என்று நினைத்தேன். இப்படி ஐந்து நாள். பத்துக் கையெழுத்து. குறிப்பேடு படு சுத்தமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் கடகடவென்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்காமலே நின்றுவிட்டது.

முன்பெட்டியில் இருந்த அட்டையில் உங்கள் மெக்கானிக்கின் எண் இருந்தது. அவரே வந்து கட்டி இழுத்துப் போனார். பட்டறையில் வண்டியை இறக்கியதும், "மறுபடியுமா?" என்றார். தினமும் நூறு பேருக்குச் சொல்லிச் சலித்த வார்த்தை என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். "ஆயில் ஒரு சொட்டு இல்ல சார். இன்ஜின் சீஸ் ஆயி இறுகிடுச்சு. லைட்டு எரிஞ்சிருக்குமே?" என்று கேட்டார். எரிந்தது, எல்லாம் பதிவாகியிருக்கிறது என்று குறிப்பேட்டைக் காட்டினேன். அவர் பத்துக் கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நோட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் தந்தார்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, இருக்கிற இன்ஜினையே பிரித்து, லேத்துக்கு அனுப்பி உள்ளே கடைந்து, பிஸ்டன் பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டுவது. இரண்டு வாரம் பிடிக்கும். நீங்கள் திரும்பி வர சரியாக மூன்று வாரம் இருந்தது. இரண்டு, வேறு இன்ஜினை எடுத்து மாட்டிவிடுவது. நாலே நாள். ஆனால் இன்ஜின் எண் மாறும், வண்டிப் புத்தகத்தில் திருத்த வேண்டும், அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் சம்பந்தி. உங்களிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கட்டிவிட்டால் அதே எண், அதே உடம்பு, உங்களுக்குத் தெரியாது. ஆனால் கட்டின இன்ஜின் பழையபடி ஓடுமா, பாதி வழியில் மறுபடி மக்கர் பண்ணுமா என்று மெக்கானிக்கால் உறுதி சொல்ல முடியவில்லை. "மாத்திடலாம் சார், மாத்திடலாம்" என்றே சொன்னார். சொல்லும்போதெல்லாம் பட்டறையின் பின்பக்கக் கொட்டகையைப் பார்த்தார். நான் ஒரு தாளில் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'கட்டுவது', மறுபக்கம் 'மாற்றுவது' என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். இரண்டு பக்கமும் வளர்ந்துகொண்டே போயின. நாலாம் நாள் பார்த்தால் கோட்டுக்கு மேலேயே என் மனைவி பெரிதாக எழுதியிருக்கிறாள்: "முதல்ல சம்பந்திக்குப் போன் பண்ணுங்க." போனை எடுத்தேன். மகள்தான் எடுத்தாள். "அப்பா, வண்டி நல்லா இருக்கா?" என்றாள். இங்கே வெயில் அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன். 

கடைசியில் கட்டுவது என்று முடிவெடுத்தேன். இன்ஜினை இறக்கி மரக்கட்டைமேல் வைத்திருந்தார்கள். லேத்துக்குப் போகிற பொருள் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்க, பழக்க தோஷத்தில் அதன் எண்ணை எழுதிக்கொண்டேன். பிறகு வண்டிப் புத்தகத்தைத் திறந்து ஒத்துப்பார்த்தால், எண் வேறு! ஒன்றிரண்டு எழுத்து அல்ல, சுத்தமாக வேறு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நேத்து இறக்கின இன்ஜினை இன்னிக்குள்ள மாத்திட்டீங்களா? யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?"

"சார், நான் மாத்தல. அதாவது, இப்ப மாத்தல."

"அப்புறம் எப்ப மாத்தினீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

"யாருக்கு?"

"கார்க்காரருக்கு."

"எந்தக் கார்க்காரருக்கு?"

அவர் பரிதாபமாக உங்கள் வண்டியைப் பார்த்தார்.

சம்பந்தி, நீங்கள் இந்த இடத்தில் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

அவர்மேல் வருத்தப்படாதீர்கள். வாயால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். உள்ளே ஒரு மேடைமேல் பூப்போட்ட கம்பளிப் போர்வை போர்த்தி ஏதோ இருந்தது. கூட வந்திருந்த என் மனைவி, "இது நாம கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்த போர்வை இல்ல?" என்றாள். விலக்கினால் பளபளவென்று ஓர் இன்ஜின். எண்ணைப் பார்த்தேன். வண்டிப் புத்தகத்தில் இருக்கிற அதே எண். இரண்டு வருடத்துக்கு முன் அது போய்விட்டது, தேடிப் பிடித்து வேறொன்றை மாட்டினார்கள், ஆனாலும் பழையதை விற்க மனசு வராமல் நீங்கள் அதைக் கட்டிவைக்கச் சொன்னீர்கள், மாதம் ஒரு தடவை வந்து போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள் என்பதையெல்லாம் நாங்களாகவே ஊகித்துச் சொல்ல, மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினார். எப்படிப் போனது என்பதற்கு மட்டும் ஆட்டவில்லை. "அந்த வருஷம் பெயிண்ட் அடிக்க விட்டிருக்குன்னு ஒரு மாசம் வண்டியில்லாம இருந்தாங்களே! பெயிண்ட் அடிக்க ஒரு மாசமான்னு நான் அப்பவே கேட்டேன்" என்றாள் என் மனைவி.

நான் அங்கேயே கவிழ்த்துப் போட்ட டயர்மேல் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்திலிருந்தே உங்களைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். இவர்கள் வீட்டில் எதுவும் பழுதாகாது, என் மகளும் பழுதாகாமல் இருக்க வேண்டுமே என்ற பயம். அந்தப் போர்வையைப் பார்த்ததும் அது போய்விட்டது. கட்டுவதா மாற்றுவதா என்ற கேள்வியும் அதோடு தீர்ந்தது. கட்டியதை எடுத்து மாட்டிவிட்டோம். மூன்றே நாள். இப்போது வண்டிக்குள் இருப்பது உங்கள் சொந்த இன்ஜின், புத்தகத்தில் உள்ள எண், யாரும் ஒரு திருத்தமும் செய்ய வேண்டாம். நான் கெடுத்தது அந்த இரவல் இன்ஜினைத்தான். அது உங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் இருக்கிறது. இனிமேல் நீங்கள் எந்த மேடையிலும் தைரியமாக ஒரே இன்ஜின் என்று சொல்லலாம். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து தட்டுவேன். இந்த விஷயம் என்னையும் என் மனைவியையும் தாண்டிப் போகாது. பதிலுக்கு நீங்கள் பெருமூச்சு மட்டும் விடாமல் இருக்க வேண்டும்.

குறிப்பேட்டையும் ஒழித்துவிட்டேன். விளக்கு எரிந்தால் எழுதுவதில்லை, வண்டியை நிறுத்துவது என்று மனைவியின் தலையிலடித்துச் சத்தியம் செய்தாயிற்று. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்பு. பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல், அவ்வப்போது எதையாவது உடைத்து, அதைச் சேர்ந்து சரிசெய்து, நீடூழி வாழ எங்கள் ஆசி.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை எழுதி முடித்து, வண்டியை உங்கள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தும் வழியில், பூங்கா முனையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கெண்டி அல்ல, வேறு உருவம். சத்தியப்படி உடனே வண்டியை நிறுத்தினேன், உங்கள் வீடும் வந்துவிட்டபடியால். நேரம் காலை 10.40. என் மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டாள். இனி தாங்கள்தான் அடுத்த ஷிப்டு. கீழே கோடிட்ட இடத்தில் கையெழுத்திட்டு, அந்தத் துண்டை மட்டும் கிழித்து மகளிடம் கொடுத்தனுப்பவும்.

பெற்றுக்கொண்டவர்: ____________