சிவப்பு நூல் கட்டிய கெண்டி

புகாரா நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் நார்முராத்துக்குப் பாசிக்காரர் என்றே பெயர். பட்டு ஆலை துப்பும் கழிவுநீரைத் தொட்டியில் நிரப்பி, கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசியை அதில் விடுவார். பாசி அழுக்கைத் தின்று கொழுக்கும். தண்ணீர் மீன் விடும் அளவுக்குத் தெளியும். சாக்கடையையே தெளிய வைத்தவனுக்குப் பெண்டாட்டியின் மனதைத் தெளிய வைப்பது பெரிய காரியமா என்று ஒரு நாள் காலை கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொண்டார். கண்ணாடி மறுத்துப் பேசாததால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

போன குளிர்காலத்தில் அவர்களுடைய ஒரே மகள் நிகோரா காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் பெண்டாட்டி ஷரோஃபத் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மகள் இருந்தவரை புருஷனும் பெண்டாட்டியும் அவள் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். இப்போது கூப்பிடப் பெயரில்லாமல் கனைத்துக்கொண்டு பேசினார்கள். அந்தக் கனைப்பைக் கேட்கும்போதெல்லாம் நார்முராத்துக்கு வீட்டை விட்டு ஓடிவிடலாம் போலிருக்கும்.

அவள் இளைப்பதை அவர் வேளை தவறாமல் கவனித்தார். தன் கால்சட்டை இடுப்பில் நிற்காததற்கு மட்டும் பெல்ட் விற்ற கடைக்காரனைத் திட்டினார். எதைத் தின்றாலும் மண்ணாக இருந்தது. அதற்கு இந்த வருஷத்துக் கோதுமையைக் குறை சொன்னார்.

ஆக, மூலிகைத் தேநீர் என்று முடிவாயிற்று. தூக்கத்துக்குச் சீமைச்சாமந்தி. பசிக்குப் புதினாவும் காட்டு ரோஜாக்காயும். உடம்பு தேற ஒரு சிட்டிகை பாசித் தூள்.

"சாக்கடைப் பாசியையா எனக்குக் குடுக்கப் போறீங்க?" என்றாள் ஷரோஃபத்.

"சாக்கடையில வளர்ந்தது வேற. இது நல்ல தண்ணியில தனியா வளர்த்தது."

"ரெண்டும் ஒரே குடும்பம்தானே?"

"குடும்பத்தப் பார்த்தா, உன் அண்ணன் இருக்கற வீட்ல நான் பொண்ணு எடுத்திருப்பேனா?"

பல மாதம் கழித்து அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அது. இருவருக்கும் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

"நான் மட்டும் குடிக்க மாட்டேன். எதிர்ல உக்காந்து நீங்களும் குடிக்கணும்."

"குடிக்கறேன். ஆனா எனக்கு வெறும் பச்சைத் தேநீர்தான். ரெண்டு பேரும் மருந்து குடிச்சா ஆராய்ச்சி கெட்டுடும். ஒருத்தர் குடிக்கணும், ஒருத்தர் குடிக்கக் கூடாது. அப்பதான் வித்தியாசம் தெரியும்."

"யாரு குடிக்கணும்?"

"நோயாளிதான் குடிக்கணும்."

"சரி, நோயாளியே குடிக்கட்டும்."

மூலிகையைக் கலந்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார். காய்ச்சுவது அவள் வேலை. ஊரில் எல்லார் வீட்டுக் கெண்டியும் போல அவர்கள் வீட்டுக் கெண்டி இரண்டும் நீலத்தில் வெள்ளைப் பருத்திப் பூ போட்டவை. செய்த குயவனே வந்தாலும் எது எது என்று சொல்ல முடியாது. அதனால் மருந்துக் கெண்டியின் காதில் சிவப்பு நூல் கட்டினார். மாலையில் அவள் இரண்டையும் கொண்டுவந்து வைப்பாள். ஊர் வழக்கப்படி முதல் கிண்ணத்தை மூன்று முறை கெண்டியிலேயே திருப்பி ஊற்றிவிட்டு, அவரவர் கெண்டியிலிருந்து அவரவர் குடிப்பார்கள்.

முசுக்கட்டைப் பழம் உதிரும் காலத்தில் மருந்து வேலை செய்தது. படுக்கையில் எட்டிப் பார்த்தால் அவள் கண்மூடிக் கிடந்தாள். பார்த்த நிம்மதியில் அவரும் தூங்கிப்போனார். புலாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் தேறிவிட்டாள், கைப்பக்குவமும் திரும்பிவிட்டது என்று அதையும் மருந்தின் கணக்கிலேயே எழுதினார். பெல்ட் கடைக்காரனை மன்னித்தார். நிலையத்தில் அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்து, "ஒரே ஆள வெச்சுப் பண்ணின சோதனைதான். ஆனா பலன் நூத்துக்கு நூறு" என்றார்.

ஒரு மாலை, தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்தவரின் முகம் கோணிற்று.

"என்ன இது, குட்டை நாத்தம்?"

ஷரோஃபத் பிய்த்துக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "நாத்தம் தெரியுதா உங்களுக்கு?"

"தெரியாம? வாய் முழுக்கப் பாசி. கெண்டி மாறிடுச்சா இன்னிக்கு?"

"இன்னிக்கா? முதல் நாளே மாறிடுச்சு."

நார்முராத் கெண்டியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா..."

"நீங்கதான் குடிச்சீங்க. நூல் கட்டாத கெண்டியிலதான் மருந்தப் போட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள் சூப்புல உப்புப் போட மறந்துட்டேன். வாய் பேசாம மொத்தத்தையும் குடிச்சீங்க. அன்னிக்குத்தான் நோயாளி யாருன்னு எனக்குத் தெரிஞ்சது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு பெல்ட்டுக்காரனோட சண்டைக்குப் போவீங்க. எனக்குன்னு சொன்னாத்தான் உங்களுக்குக் கை ஓடும்."

"ஆனா நீ தூங்கினியே. நான் பார்த்தேனே."

"கண்ண மூடிக்கிட்டேன். நான் முழிச்சுக்கிட்டிருந்தா நீங்க உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பீங்க. அப்புறம் நீங்க தூங்கறது எப்ப?"

நூற்றுக்கு நூறு என்று ஊரெல்லாம் சொன்ன பலன் தன் சொந்தத் தொப்பைதான் என்று அவருக்குப் புரிந்தது. எதிரில் இருந்தவளோ வசந்தம் முழுக்கத் துக்கத்தோடு விழித்துக் கிடந்திருக்கிறாள். அதைப் பக்கத்தில் படுத்துக்கொண்டே பார்க்கத் தவறியிருக்கிறார். மகளைப் புதைத்த அன்று வராத அழுகை இப்போது வந்தது. அவள் தடுக்கவில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் கெண்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"இனி இது உனக்கு. நீயும் தூங்க வேண்டாமா?"

"நான் மெதுவா தூங்கிக்கறேன்," என்று அவள் கெண்டியைத் திருப்பி வைத்தாள். "ராத்திரி உங்க குறட்டையக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். அது கேக்கற வரைக்கும், இந்த வீட்லேருந்து இன்னொருத்தரும் போயிடலன்னு தெரியுது. அது போதும் எனக்கு இப்போ. குடிங்க."

நார்முராத் குடித்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. கலந்தது அவரேதான் என்பதால் திட்டுவதற்கும் ஆளில்லை.