இலை முத்திரை வாங்கிய ஊறுகாய்

புளியங்குடியில் எங்கள் தெருவை ஒட்டி ஓர் எலுமிச்சை ஊறுகாய்க் கம்பெனி இருக்கிறது. முதலாளி பாண்டியராஜ் அண்ணாச்சி. கம்பெனிக்கும் தெருவுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. அங்கே ஃபிட்டராக இருக்கும் பேச்சிராஜ் எங்கள் தெருக்காரன். பழம் கழுவிய தண்ணீரை மணலும் கரியும் நிரப்பிய டிரம்மில் வடிகட்டி, மறுபடியும் கழுவ விட்டான். அன்று முதல் எங்கள் குழாயில் காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வந்தது.

இந்நிலையில் அண்ணாச்சிக்குச் சுற்றுச்சூழல் மேல் பற்று உண்டாயிற்று. போட்டிக் கம்பெனி பாட்டிலில் பச்சை இலை முத்திரை இருந்ததே காரணம். முத்திரை வாங்குவது முழுக்க முழுக்க அவரவர் விருப்பம். வாங்காவிட்டால் பெரிய கடைகள் சரக்கை எடுக்காது, அவ்வளவுதான்.

முத்திரை மன்றத்திலிருந்து மதிப்பீட்டாளர் புவனேஷ் வந்தார். மன்றத்தின் ஆய்வுகள் குற்றாலத்தில் சாரல் விழும் மாதத்தில் அமைவது தற்செயல். வருடந்தோறும் நேரும் தற்செயல். ஈரத்தலையைத் துவட்டியபடியே டிரம்மைப் பார்த்தார்.

"அருமை! எப்போ வச்சது?"

"ரெண்டு வருசமாச்சு சார்," என்றான் பேச்சிராஜ், பெருமையாக.

அவர் முகம் வாடியது. "அப்போ போன வருஷத்தைவிட இந்த வருஷம் தண்ணீர்ச் செலவு குறையலையே. புதுசா குறைச்சாத்தான் மதிப்பெண். ஏற்கெனவே குறைச்சவங்களுக்குப் படிவத்துல கட்டமே இல்ல."

"இப்பம் என்ன செய்யணும் சார்?" என்றார் அண்ணாச்சி.

"ஒரு வருஷம் டிரம்மை நிறுத்தி நல்லா செலவழிங்க. அடுத்த வருஷம் குறைச்சுக் காட்டுங்க."

பேச்சிராஜ் பதறினான். "எங்க தெருவுக்குத் தண்ணி வராதே சார்!"

"ஏலே, சும்மா கெட. சாரு சுற்றுச்சூழலுக்காகச் சொல்லுதாரு," என்று அடக்கினார் அண்ணாச்சி.

ஓராண்டு காலம், பசுமையை முன்னிட்டுத் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. நாங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். மறு ஆண்டு டிரம் ஓடியது. 'நாற்பது சதவீத நீர்ச் சேமிப்பு' சாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, முத்திரையும் வந்தது. விழாப் பந்தலில் பேச்சிராஜ் முதலாளியின் காதைக் கடித்தான்.

"அண்ணாச்சி, இன்னொரு டிரம் வச்சா இன்னும் பாதி மிச்சமாவும்."

"வாய மூடுலே! அது அடுத்த முத்திரைக்கு வேணும்லா? அப்பவும் குறைச்சுக் காட்டணும். நாளையிலருந்து இருக்கதையும் நிறுத்திரு."

சேதி கேட்டுத் தெருவே கொதித்தது. காலிக் குடங்களோடு பந்தலுக்குள் புகுந்தோம். முன்னால் நின்று கத்தியவன் நான்தான். அண்ணாச்சி பதறவில்லை. வீட்டுக்கு ஒரு ஊறுகாய் பாட்டில் இலவசம் என்றார், அதுவும் இலை முத்திரை போட்டது.

குடங்களைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டின் பேரையும் சொல்லி நான் இரண்டு வாங்கினேன்.

மறுநாள் காலை பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன். ருசியில் குறையில்லை, உப்புதான் சற்றுத் தூக்கல். தாகத்தோடு எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன். காற்று வந்தது. சுத்தமான காற்று.