தயக்கம் களையும் அதிகாரி

புதிதாகப் பள்ளியில் சேரும் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகத் தயங்குகிறார்கள் என்பதைக் கல்வித்துறை பெரும் கவலையோடு கண்டறிந்தது. கண்டறிந்த கையோடு ‘தயக்கம் களைதல் திட்டம்’ பிறந்தது. அதைத் தொடங்கிவைக்க எங்கள் தெருப் பள்ளிக்கே ஓர் அதிகாரி வந்தார்.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் தேங்காய் அளவுக்கு ஒரு நூல்கண்டு. ஆறாம் வகுப்புக்குள் அவர் காலடி வைத்தபோது ஒரே சந்தைக்கடை இரைச்சல். ஜன்னலோரம் இரண்டு சிறுமிகள். ஒருத்தி வெளியூர்க்காரி, காலையில் வாசலைத் தாண்டமாட்டேன் என்று அழுதவள். இன்னொருத்தி இரட்டைச்சடைக்காரி; நகர்ந்து உட்கார்ந்து அவளுக்குப் பெஞ்சில் இடம் கொடுத்தவள். இப்போது இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரியின் முகம் சுண்டிப்போனது.

“என்ன டீச்சர் இது, எல்லாரும் பேசிட்டிருக்காங்க?”

“பசங்கதானே சார். பக்கத்துல உட்கார்ந்தா பேசிடுவாங்க” என்றார் கணக்கு டீச்சர்.

“யாரைக் கேட்டுப் பேசினாங்க? நான் தயக்கத்தைக் களைய வந்திருக்கேன். தயக்கமே இல்லேன்னா எதைக் களையறது?”

நியாயமான கேள்வி. உடன் வந்த தலைமையாசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கொஞ்சம் பொறுங்க சார். தயக்கத்தை வரவழைச்சிடறோம்.”

டீச்சர் பிரம்பால் மேசையில் ஓங்கித் தட்டினார். சிரித்தவர்கள் மூலைக்கு ஒருவராக உட்காரவைக்கப்பட்டார்கள். “எனக்கு இவளைத் தெரியும், அவனைத் தெரியும்னு யாராவது வாயைத் திறந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்!”

வகுப்பு கப்சிப். போதிய அளவு தயக்கம் நிலவுவதை உறுதிசெய்துகொண்டு அதிகாரி நூல்கண்டை வீசினார். பிடிப்பவர், வீசியவரின் பெயரைக் கேட்டு அறிய வேண்டும், இதுவே விதிமுறை.

கண்டு கைமாறிக் கைமாறி வெளியூர்க்காரியிடம் வந்தது. அவள் ஆசையோடு இரட்டைச்சடைக்காரியைப் பார்த்து வீசினாள். இவள் பிடித்தாள். டீச்சரின் பிரம்பைப் பார்த்தாள்.

“உன் பேர் என்ன?”

“காலையில சொன்னேனே... அதுக்குள்ள மறந்துட்டியா?” வெளியூர்க்காரி உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள்.

“பாத்தீங்களா, எவ்வளவு தயக்கம்! நல்லவேளை, நான் வந்தேன்” என்று அதிகாரி பூரித்தார். “பெரியவங்க முன்மாதிரி காட்டுவோம். தலைமையாசிரியரே, உங்க டீச்சரை அறிமுகப்படுத்துங்க.”

தலைமையாசிரியர் டீச்சர் பக்கம் கையை நீட்டினார். “இவங்க... கணக்கு டீச்சர்.”

“பேரு?”

“இத்தனை வருஷமா கணக்கு டீச்சர்னுதான் சார் கூப்பிடறோம்...”

டீச்சர் பிரம்பை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, மூலையில் இருந்த இரட்டைச்சடைக்காரியிடம் போனார். “போம்மா. அவ பக்கத்துலயே உட்காரு. வாயைத் திறந்து பேசு.”

தயக்க நோய் ஆசிரியர்கள் வரை பரவியிருப்பதாக அதிகாரி மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேலிடம் விசாரித்ததில் அது பொதுமக்களையும் பீடித்திருப்பது வெட்டவெளிச்சமானது. திட்டம் தெருக்களுக்கும் விரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்தப்பட்டோம். எனக்கு ஜோடியாக வந்தவர் பவ்யமாகக் கைகூப்பினார். நானும் கூப்பி, விதிமுறைப்படி விசாரித்தேன்.

“வணக்கம். நீங்க இந்த ஊருக்குப் புதுசுங்களா?”

“இல்லீங்க அண்ணே. உங்க மாடியிலதான் குடியிருக்கேன். உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நாற்காலி எல்லாம் எடுத்துப் போட்டதே நான்தானே!”