மாலை போட்ட தையல் மெஷின்

தையல் மெஷின் வாங்கப் போய்ச் செத்துப்போனவன் பேராக் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதிக நேரம் சாகவில்லை. ஆனாலும் ஒப்பாரி வைக்கிற அளவுக்கு, தப்பு மேளம் அடிப்பவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிற அளவுக்குச் செத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், ஜெலாப்பாங்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதியில் எனக்கு வேலை. வாரம் முழுக்க அங்கே வாடகை அறை. லீவு நாளுக்கு பஸ் பிடித்து பீடோர் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். வெட்டியது போக மிஞ்சும் துண்டுத்துணிகளைத் தொழிற்சாலையில் குப்பையில் கொட்டுவார்கள். எனக்கு மனசு கேட்காது. பொறுக்கி வந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, முக்கோணம் முக்கோணமாக வெட்டித் தரையில் பரப்பி வைத்துப் பார்ப்பேன். (என் வயசுப் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் பூப்போட்ட துணிக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட துணி எடுக்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.) அத்தனையையும் சேர்த்துத் தைத்து ஓர் ஒட்டுத்துணிப் போர்வை செய்ய வேண்டும் என்று ஆசை. கையால் தைத்துப் பார்த்தேன். நாலு முக்கோணம் சேர்வதற்குள் விரல் சல்லடையாகிவிட்டது.

போர்வை அக்கா சரோஜாவின் பிள்ளைக்கு. அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதைச் சுமந்துகொண்டு பிரசவத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். வீடு முழுக்கப் பயம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அம்மா மட்டும் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்கும்வரை அதற்கென்று ஒரு துணிகூட வாசற்படி தாண்டக்கூடாது. போன தடவை ஆசை ஆசையாகச் சின்னச் சட்டையெல்லாம் வாங்கி வைத்திருந்தோம். அவற்றை அம்மா பிறகு என்ன செய்தாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

துண்டுத்துணி புதுசில்லை, மெஷினும் பழசுதான், ஆகவே சட்டத்தில் இடமிருக்கிறது என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன். ஜெலாப்பாங் அறையில் சத்தம் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகை இருந்தது. அதில் ஒளித்து வைத்துத் தைப்பது என்று முடிவு. அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். தோட்டத்துப் பையன்களுக்குத் தெரிந்தால் அதைவிட மோசம்.

காம்பாரில் தையல்கடை வைத்திருந்த பாய் ஒருவர், கடையை மூடிவிட்டுச் சாப்பாட்டுக் கடை போடப்போகிறார், மெஷினை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டுத்துணி மூட்டையோடு போய் நின்றேன்.

"யாருக்குத் தம்பி மெஷின்?" என்றார் பாய்.

எனக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. "வீட்டுக்காரிக்கு" என்றேன். (எனக்கு அப்போது பெண்கூடப் பார்க்கவில்லை.)

"நல்லாத் தைப்பாங்களா?"

"இப்பதான் பழகுறா."

"அப்ப கையோட கூட்டிட்டு வந்திருக்கலாம்லா. கால் எட்டுதான்னு பாக்கணும். ஒயரம் எவ்வளவு இருப்பாங்க?"

என் தோளுக்கு நேராகக் கையைக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை. "ஒல்லியா? தாட்டியா?" என்றார். இனி இவளை நடமாட விட்டால் ஆபத்து என்று, "படுத்த படுக்கையா இருக்கா பாய்" என்று சொல்லிவிட்டேன். உடனே அவர் இரண்டு கையையும் ஏந்தி, இல்லாத என் பெண்டாட்டிக்காகக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

"ஓட்டிப் பாருங்க தம்பி."

உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் பின்பக்கம் சுற்றியது. நூல் அறுந்தது. ஊசி என் விரலைத் தேடிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. எழுந்து, வாங்கப்போகிற காரின் டயரைத் தட்டிப் பார்ப்பவன் மாதிரி மெஷினைத் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றேன்.

கொண்டுபோக மணியம் அண்ணே வேன்தான் கிடைத்தது. அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீடோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் யார் ஆஸ்பத்திரியில் இறந்தாலும் அதில்தான் வீட்டுக்கு வருவார்கள். அதனால் சும்மா காய்கறி ஏற்றி வந்தால்கூடப் பெண்கள் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வேறு வழியில்லை.

மெஷினை நீட்டுவாக்கில் படுக்க வைத்து, பக்கத்தில் துணி மூட்டையைப் போட்டோம். "மழை வரும் போல இருக்கு. நனைஞ்சா துருப்பிடிச்சிரும்" என்று பாய் நீளமாக ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, அவர் கையாலேயே மேலே போர்த்திவிட்டார். பின்கதவு மூடவில்லை. அப்படியே புறப்பட்டோம். பீடோர் கோயில் பக்கம் மணியம் அண்ணே வண்டியை நிறுத்தினார்.

"இரும்புச் சாமான் வாங்கிட்டு மூளியா கொண்டு போகக்கூடாது தம்பி. நான் பாத்துக்கிறேன்."

மாலை வாங்கி மெஷின்மேல் சாத்தினார். எலுமிச்சம்பழம் வைத்தார். தலைமாட்டில் ஊதுவத்தி கொளுத்தினார். நான் மெஷின் நகராமல் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோலத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம்.

தோட்டத்துப் பாதை வந்ததும் பயம் தலைக்கேறியது. "அண்ணே, மெதுவா போங்க. ஹாரன் அடிக்காதீங்க" என்றேன். வேன் ஊர்ந்தது. முன்னால் பந்துத் திடல். அத்தனை பையன்களும் அங்கே. நான் சட்டென்று மெஷினுக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்து, வெள்ளைத் துணியை இழுத்து என்மேலும் போர்த்திக்கொண்டேன். இழுத்த வேகத்தில் மாலையும் என் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, துணி முகத்தைவிட்டு நழுவியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மச்சான், மணியம் அண்ணே வேன்டா. மாலை போட்டிருக்கு. யாருடா?"

ஓடி வரும் காலடிச் சத்தம். அப்புறம் ஒரு அலறல்: "ஐயோ, நம்ம பாலுடா!"

தன் வேனுக்குப் பின்னால் ஜனங்கள் அழுதுகொண்டு ஓடிவருவது மணியம் அண்ணேக்குப் பழகிப்போன விஷயம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எங்கள் லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த நேரமே நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் என்ன சொல்வது? மெஷினை எப்படி மறைப்பது? யோசித்துக்கொண்டே அப்படியே கிடந்தேன். அடுத்த வீட்டு மாரியாயி அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு, "தங்கமா நடந்த பிள்ளையே! தலை குனிஞ்சு போன பிள்ளையே!" என்று ஆரம்பித்தார். (போன வாரம்தான் என்னைத் தண்டச்சோறு என்றவர்.) எங்கோ தப்பு மேளத்தைச் சூடு காட்டும் வாடை வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் என்னைக் குளிப்பாட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அக்காவின் குரல் கேட்டது. அழுகையில்லை. "அம்மா, வலிக்குதும்மா" என்றாள்.

எழுந்துவிட்டேன். வெள்ளைத் துணியும் மாலையுமாக வேனிலிருந்து குதித்தேன். ஒரு நொடியில் வாசல் காலி. மாரியாயி அத்தை, முட்டிவலி என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக்கூட நடக்க முடியாதவர், மண்மேட்டில் ஏறி ஓடினார். தப்பு அடிப்பவர் மேளத்தை என்மேல் எறிந்துவிட்டுப் போனார். அம்மா மட்டும் நகரவில்லை. என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்ததும் விட்டாள் பாருங்கள் ஓர் அறை!

அக்கா வாசற்கட்டையைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. இருந்த ஒரே வண்டி அந்த வேன்தான். மெஷினை ஓரமாகத் தள்ளி, துண்டுத்துணி மூட்டையைப் பிரித்துக் கொட்டி மெத்தையாக்கி அவளைப் படுக்கவைத்தோம். வழியெல்லாம் அக்கா ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தாள்.

"செத்தியாடா? செத்தியா? இதுல மாலை வேற!"

"அக்கா, சாகலக்கா. மெஷின் வாங்கினேன். பிள்ளைக்குப் போர்வை தைக்கலாம்னு."

அவள் அடியில் கிடந்த முக்கோணங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அதையே வாயில் கடித்துக்கொண்டு அடுத்த வலியைத் தாங்கினாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் கொன்றவன் நான் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குமுன் நான் பயம் என்று நினைத்ததெல்லாம் பயமே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வேனைப் பார்த்ததும் வழக்கம்போலப் பிணவறைப் பக்கம் கையைக் காட்டினார். மணியம் அண்ணே வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாரன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

நானும் அம்மாவும் தாழ்வாரத்தில் நின்றோம். கழுத்து மாலையைக் கழற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை. பொழுது சாயும் நேரம் உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. சின்னது, ஆனால் நல்ல கோபமான அழுகை. பெண்பிள்ளை. தாயும் சுகம். நான் அந்தச் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதேன்.

அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிள்ளைதான் அழுதிருச்சுலா. இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு இங்க உக்காந்திருக்க? போய்த் தை."

தைத்தேன். ஒரு முக்கோணத்தின் மூலையும் இன்னொன்றின் மூலையும் எங்கேயும் சந்திக்கவில்லை. அந்த மெஷின் கடைசிவரை பின்பக்கம்தான் சுற்ற விரும்பியது. அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, வந்தவள் உண்மையிலேயே என் தோள் உயரம் இருந்தாள். பாய் வேண்டிக்கொண்டது வீண் போகவில்லை.

அக்கா மகள் தேவி அந்தக் கோணல் போர்வையில்தான் வளர்ந்தாள். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டுவதற்கு முன்னால் எனக்குப் படையல் உண்டு. வாழையிலை விரித்து, நண்டுக்கறி வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, போர்வையைப் பலகைமேல் மடித்துப் போட்டு என்னை உட்காரவைப்பாள். குடும்பமே சுற்றி நின்று சிரிக்கும். நான் என் படையலை நானே சாப்பிட வேண்டும். காக்காய்க்குக்கூட முதலில் வைப்பதில்லை.

இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். வரமுடியாத வருஷங்களில் காலையிலேயே போன் அடிப்பாள்.

"மாமா, நீங்க செத்து எத்தன வருஷம் ஆச்சு?"

"உன் வயசுதாம்மா."