இருபத்தேழாம் எண்ணும் அம்பலம் வீட்டு மரியாதையும்

வேகம் என்பது உலகத்துக்கு வந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுதான் ஆகிறது. 'முதல்' என்பது நொச்சியேந்தல் அம்பலம் வீட்டுக்கு வந்து பதினோரு தலைமுறை ஆகிறது. ஆகவே மோட்டார் பந்தயம் என்னும் நவீன விளையாட்டு, மரியாதை கற்றுக்கொள்ள எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் இத்தனை காலம் வெளிநாடுகளில் அலைந்ததை நினைத்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

அந்த வீட்டின் மூத்தவர் சோணைமுத்து அம்பலம். கோயிலில் முதல் திருநீறு அவருக்கு. பந்தியில் முதல் இலை அவருக்கு. ரேஷன் கடையில் ஒன்றாம் எண் டோக்கனை, அவர் வந்தாலும் வராவிட்டாலும், தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். முதுகுளத்தூரில் இலவசக் கண் முகாம் நடந்தபோது முதல் கண்ணாடியும் அவருக்கே. அவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இன்னொருவர் முந்திக்கொள்வதற்குள் வாங்கி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து தூரத்தில் இருப்பது சரியாகத் தெரிவதில்லை. குடும்பத்துக்காக அதையும் பொறுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட வீட்டில், அவருடைய தம்பி காளிதாஸின் மகள் கலைச்செல்வி ஒரு பந்தயக் கார் கட்டினாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. ராமநாதபுரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. பந்தயத்துக்கென்று அவள் பிடித்தது, ராமேஸ்வரத்தில் ஒரு விடுதிக்காரரிடம் யாத்திரிகர்களை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன பழைய மாருதி. இருபத்தைந்து வருடக் கடல் காற்று அதன் அடித்தகட்டைத் தின்றிருந்தது. உள்ளே உட்கார்ந்து காலை நீட்டினால் சாலையில் படும். பெரியபட்டினத்தில் பட்டறை வைத்திருக்கும் பர்வேஸ், சார்ஜாவில் பதினான்கு வருடம் கார்களோடு கிடந்தவர், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இஞ்சின் உசிரோட இருக்கு. மத்ததெல்லாம் மவுத்து."

பதினோரு மாதம் இருவரும் உழைத்தார்கள். புதுத் தகடு வாங்க வழியில்லாததால், வள்ளத்தின் ஓட்டையை அடைக்கிற ஃபைபரையும் பசையையும் கொண்டு அடியை அடைத்தார்கள். வண்டி கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வேண்டும் என்பது விதி. அதில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. அவளுடைய ஒரு ஜோடிக் கம்மல் அந்தக் கூண்டாக மாறியது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, மிளகாய் கோடவுனின் எடை மேடையில் வண்டியை ஏற்றுவாள். எடை போடுகிறவர் தும்மிக்கொண்டே கேட்பார்: "இன்னைக்கு எத்தனை கிலோ இளைச்சிருக்கு உன் பொண்ணு?"

சோணைமுத்து அம்பலம் ஒரு நாள் நேரில் வந்து 'ஆய்வு' செய்தார்.

"பின் சீட்டு எங்க ஆத்தா?"

"கழட்டியாச்சு பெரியய்யா. எடை குறையணும்ல."

"அப்ப நான் எங்கன உக்கார்றது?"

"பந்தயத்துல ஒரு ஆளுதான் போகணும்."

"ஒரு ஆளுதான்னா மூத்த ஆளுதானே போகணும்?"

இந்தக் கேள்விக்கு உலக மோட்டார் விளையாட்டில் இன்றுவரை பதில் இல்லை.

பங்காளிகள் கூட்டம் கூடியது. மூன்று மணி நேர விவாதத்துக்குப் பின் நோட்டில் ஒரு தீர்மானம் எழுதப்பட்டது: பந்தயத்தில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் வண்டி வீட்டில் நிற்கலாம், அடுத்த கட்டப் பந்தயத்துக்குக் கோயம்புத்தூர் போகலாம். தவறினால் மறுநாளே காயலான் கடை. அதன்பின் பெண் பிள்ளை இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. காளிதாஸ் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தம்பிமார் பேசாமல் இருப்பது அந்த வீட்டின் இன்னொரு சிறப்பு.

"அஞ்சுக்குள்ள வந்துருவேன்யா" என்று கலைச்செல்வி அப்பாவிடம் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பந்தயம் முதுகுளத்தூருக்கு அப்பால், கருவேலம் வெட்டிய பொட்டலில் நடந்தது. வளைந்து வளைந்து போகும் பாதை. முந்தின நாள்தான் அதன்மேல் சரளைக்கல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். முப்பத்திரண்டு வண்டிகள், ஆளுக்கு ஒரே ஓட்டம். ஒன்று புறப்பட்டு இரண்டு நிமிடம் கழித்து அடுத்தது புறப்படும். யார் யாரை முந்தினார்கள் என்பது அல்ல, யாருக்குக் குறைந்த நேரம் ஆனது என்பதே வெற்றி. புறப்படும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். கலைச்செல்விக்கு வந்தது இருபத்தேழு.

பர்வேஸ் அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். "மாஷா அல்லாஹ்! முன்னால போற இருபத்தாறு வண்டியும் சரளையை ஒதுக்கித் தள்ளிரும். நீ போகையில அடியில கெட்டித் தரை கெடைக்கும். இது போதும் தங்கச்சி."

சோணைமுத்து அம்பலத்தின் காதில் விழுந்தது எண் மட்டுமே.

"இருபத்தேழா? நம்ம வீட்டுப் பேரை இருபத்தேழாவதா மைக்குல வாசிப்பானா? இருபத்தாறு பேருக்குப் பின்னால நான் நிக்கணுமா?"

"பெரியய்யா, இதுல பின்னால போறதுதான் நல்லது. முதல் வண்டிக்குப் பாதை பூராம் உருளுற கல்லு. வழுக்கும். பின்னால வர்றவங்களுக்குப் பாதை கூட்டிக் குடுக்கிற வேலைதான் அது."

"வாடிவாசல்ல முதல் மாடு யாரு மாடு?"

"நம்ம மாடுதான்."

"அதை எவனாவது தொட்டிருக்கானா?"

"முதல் மாட்டைத் தொடக் கூடாதுங்கிறதுதானே பெரியய்யா வழக்கம்?"

"அதைத்தான் சொல்றேன். முதல்ல போனா எவனும் தொட மாட்டான்."

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் மூத்தவர் பேரில்தான் வாங்குவார்கள். காரின் ஆர்.சி. புத்தகத்திலும் அவர் பெயரே. வண்டி உரிமையாளர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி ஓடலாம். அம்பலம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"ஒண்ணாம் நம்பரு. இல்லேன்னா கையெழுத்து இல்லை."

கலைச்செல்வி அப்பாவைப் பார்த்தாள். காளிதாஸ் கருவேல மரங்களைப் பார்த்தார்.

பந்தயம் நடத்தும் மோட்டார் கழகத்தின் செயலாளர் அருள்முருகன், தொப்பியும் விசிலும் அணிந்த இளைஞர், விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ரெண்டு பேரும் சம்மதிச்சா எண்ணை மாத்திக்கலாம்யா." ஒன்றாம் எண் கீழக்கரை ஹாஜா முகைதீனுக்கு வந்திருந்தது. காலையிலிருந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் அவர். அம்பலம் மீசையை நீவிக்கொண்டு, பின்னால் நான்கு பங்காளிகளோடு, ஒரு பெரிய தகராறுக்குத் தயாராக அவர் முன்னால் போய் நின்றார்.

"உங்க ஒண்ணாம் நம்பரை எங்களுக்கு விட்டுக்குடுக்கணும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஹாஜா முகைதீன் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எடுத்துக்கங்க அய்யா! இப்பவே எடுத்துக்கங்க! டீ சாப்பிடுறீங்களா?"

அம்பலத்துக்குப் பெரிய ஏமாற்றம். "மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னானா பாருங்கப்பா" என்று திரும்பும் வழியில் வருத்தப்பட்டார். "மரியாதையோட அருமை தெரியாத பயலுக." மற்ற முப்பது போட்டியாளர்களும் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் சால்வை கூடப் போர்த்தினார். விளையாட்டு வீரர்களின் பெருந்தன்மை அன்றுதான் முழுமையாக வெளிப்பட்டது.

தேங்காய் உடைத்தார்கள். மைக்கில் வீட்டுப் பெயரை மூன்று முறை வாசிக்க வைத்தார்கள். கலைச்செல்வி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். பர்வேஸ் குனிந்து, "வேகத்தை ஏத்தாம மெதுவாத் திருப்பு. கல்லோட சண்டை போடாத" என்றார்.

அவள் போனாள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தது. சரளை இரண்டு புறமும் சிதறிப் பறந்தது. ஒரு திருப்பத்தில் பின் சக்கரம் வரப்பில் ஏற, கூட்டம் கத்தியது, வண்டி நிமிர்ந்துகொண்டது. அவள் எல்லைக் கோட்டைத் தாண்டியபோது பாதையில் இரண்டு கோடுகள் சுத்தமாகத் தெரிந்தன. அம்பலம் வீட்டுச் செலவில் பொதுப் பாதை கூட்டப்பட்டிருந்தது.

"பாத்தீங்களா, ஒரு பய தொட முடிஞ்சுதா?" என்றார் அம்பலம். அவருக்குப் பின்னாலிருந்த பங்காளிகள் கை தட்டினார்கள்.

அதன்பின் ஒவ்வொரு வண்டிக்கும் பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட எண்கள் தார்ச்சாலையில் போவது போலப் போயின. இருபத்தேழாம் எண்ணில் ஹாஜா முகைதீன் பறந்தார்.

முடிவுகளை வாசித்தார்கள். ஐந்தாவது இடம் ஹாஜா முகைதீன். ஆறாவது இடம் கலைச்செல்வி. வித்தியாசம் ஒரு நொடிக்கும் குறைவு.

நேரம் குறிக்கிற பெரியவர் கடிகாரத்தை இரண்டு முறை சரிபார்த்தார். "முதல் வண்டியாப் போயி ஆறாவதா? நான் இருபது வருசமாப் பாக்குறேன், முதல்ல போன வண்டி இருபதுக்குள்ள வந்ததில்லையே. யாரும்மா நீ?"

கலைச்செல்வி வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டியின் கூண்டுக் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஹாஜா முகைதீன் நேராக அவளிடம் வந்தார். "தங்கச்சி, நான் போனது உன் எண்ணுல. இந்த அஞ்சாவது இடம் உன்னோடது. கோயம்புத்தூருக்கு நீ போ, எனக்கு மனசு கேக்கல." அருள்முருகனும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, விட்டுக்கொடுத்தால் கழகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்றார். உரிமையாளர் மட்டும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

பேனா அம்பலத்தின் பையிலேயே இருந்தது.

"பெரியய்யா," என்றாள் கலைச்செல்வி. பதினோரு மாதத்தில் அவள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. "ஒரு கையெழுத்து. போட்டீங்கன்னா வண்டி நிக்கும்."

அம்பலம் நெஞ்சை நிமிர்த்தினார். "அடுத்தவன் விட்டுக்குடுத்ததை வாங்கிக்கிற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது."

"காலைல வாங்குனீங்களே!" என்றார் பர்வேஸ்.

"பாய், அது முதல் இடம். இது அஞ்சாவது இடம். வித்தியாசம் தெரியாம பேசக் கூடாது."

மறுநாள் வண்டி காயலான் கடைக்குப் போனது. தீர்மானம் தீர்மானம்தான், சொன்ன சொல்லில் நிற்பதில் அந்த வீட்டை மிஞ்ச ஆள் இல்லை. கூண்டை அறுக்கும்போது கலைச்செல்வி போகவில்லை. காளிதாஸ் போனார். வந்து, அன்றும் ஒன்றும் பேசவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது, அம்பலத்தின் மனைவி இருளம்மாள் முதல் இலையைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, நம்ம புள்ளைய யாருதான் தோக்கடிச்சது?"

"எவனும் தோக்கடிக்கல" என்றார் அம்பலம். "பதினோரு தலைமுறையா வெளியாளு எவனும் நம்ம வீட்டைத் தோக்கடிச்சதில்லை."

அது சத்தியமான வார்த்தை. அந்த வேலையை வெளியாளுக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் என்றுமே இருந்ததில்லை.