ராய் ஸ்லோவிக்குக்குக் கிடைத்த மூன்று நிமிஷம்

ஜெயிக்கிற அணிக்கு ரசிகராக இருக்க ஒரு தகுதியும் வேண்டாம். தொப்பி ஒன்று வாங்கினால் போதும். தோற்கிற அணிக்கு ரசிகராக இருக்கத்தான் படிப்பு வேண்டும். ஐம்பது வருஷமாக விடாமல் தோற்கும் அணி என்றால், அந்த ஊரில் கட்டாயம் ஒருத்தர் இருப்பார்: எந்த வருஷம், எந்தக் கிழமை, எத்தனை புள்ளியில், யார் கால் தடுக்கித் தோற்றோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். இந்த இனத்துக்குத் தோல்விப் பண்டிதர் என்று பெயர் வைத்திருக்கிறேன். மரியாதையாகத்தான் வைத்தேன், பாதியளவுக்கு.

எங்கள் போர்ட் ஹாலண்டில் அந்தப் பதவி ராய் ஸ்லோவிக்கிடம் இருக்கிறது. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கூடைப்பந்து அணிக்கு ஏரியில் கிடைக்கும் ஒரு கிழட்டு மீனின் பெயர்: ஸ்டர்ஜன்ஸ். அரங்கத்தில் பதினெட்டு வருஷமாக ராய்க்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. கண்ணால் பார்த்த ஆட்டத்தைவிட அவர் சொல்லிக் காதால் கேட்ட ஆட்டம்தான் எனக்கு அதிகம்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். ஒரு கேள்வி கேளுங்கள். சிகாகோவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் பாரில் உட்கார்ந்து, தெரியாத்தனமாக, "உங்க டீம் எப்படி ஆடும்?" என்று கேட்டுவிட்டார். ராய் சட்டைக் கையை மடக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்த மாதிரி தோல்வி வேணும் டாக்டர்? சிரிக்கிற மாதிரியா, அழற மாதிரியா?"

அவ்வளவுதான். எழுபத்து நாலில் முதல் ஆட்டத்தன்று நிஜ ஸ்டர்ஜன் மீனைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுக் களத்துக்கு நடுவே கொண்டுவந்து வைத்ததையும், தொட்டி உடைந்து ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமானதையும், மீன் பிழைத்துக்கொள்ள அணி நாற்பத்தொரு புள்ளியில் செத்ததையும். நாடெல்லாம் தேடிப் பிடித்த ஏழடி நாலங்குல ஆட்டக்காரருக்குத் தரையில் பூசும் மெழுகு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மொத்தமே பதினோரு நிமிஷம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனதையும். பயிற்சியாளர் ஒருவர் இடைவேளையில் காப்பி வாங்கி வருவதாகக் கிளம்பி ஃப்ளோரிடாவிலிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பியதையும். மீன் வேஷம் போட்டு ஆடுகிறவர் குட்டிக்கரணம் அடித்து எங்கள் ஒரே நல்ல ஆட்டக்காரரின் முழங்காலில் வந்து இறங்கியதையும் ராய் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரின் கோழி இறக்கைகள் ஆறி அவலாகிவிட்டன. டாக்டர் எழுந்து ஓடினாரா? இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதுதான் ஆபத்து.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வேறு ஊர்க்காரர் யாராவது எங்கள் அணியைக் கேலி செய்தால் ராய்க்கு மூக்குமேல் கோபம் வரும். "எங்க டீம் இதைவிட மோசம், உனக்கு என்ன தெரியும்?" என்று சண்டைக்கே போவார். அணி தப்பித் தவறி ஜெயித்துவிட்டால் முகம் தொங்கிப் போகும். "ஜெயிச்சா என்னத்தைச் சொல்றது? ஜெயிச்சோம்னு சொல்லலாம். அதோட முடிஞ்சுது," என்பார்.

சிரிப்பெல்லாம் போன இலையுதிர் காலம் வரைக்கும்தான். அரங்கத்தின் கூரை ஒழுகியது. நகரம் கூரையைச் சரி செய்து தராவிட்டால் அணியைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்தில் ஏதோ ஒரு ஊருக்குப் போய்விடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். நகர மன்றத்தில் ஒன்பது பேர். நாலு பேர் கூரைக்கு ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு. பாக்கி ஒருத்தர் லொரெட்டா ஆம்ஸ்டட் அம்மாள். ஊருக்குப் புதுசு, கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாது, மனசு மட்டும் தங்கம். அவரைத் திருப்ப வேண்டும். ஓட்டெடுப்புக்கு முன்னால் பொதுமக்களில் ஒருவர் ஒலிபெருக்கி முன் நின்று மூன்று நிமிஷம் பேசலாம். ரசிகர்கள் எல்லாரும் கூடி, எங்கள் சொந்தப் புத்தியால், ராயைத் தேர்ந்தெடுத்தோம்.

"ஏன், வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டாள் அவர் மனைவி மொரீன்.

"அவருக்குத் தெரிஞ்ச அளவு யாருக்குத் தெரியும்?" என்றேன். எனக்கு அப்போது வாய் இருந்த அளவுக்கு மூளை இல்லை.

மொரீன் தன் கையாலேயே ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை கும்பலாக வரும் குழந்தைகள், அரங்கத் தெருவில் பிழைக்கும் சாப்பாட்டுக் கடைகள், பனிக்காலத்தில் ஊருக்கு இருக்கும் ஒரே வெளிச்சம். "இதை மட்டும் படி ராய். உன் கதையை எடுத்தே, வீட்டுக்கு நடந்துதான் வரணும்."

மன்றத்தில் பேச்சு நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. ராய் தாளைப் பிரித்தார். "மதிப்புக்குரிய உறுப்பினர்களே, ஸ்டர்ஜன்ஸ் எங்க குடும்பம் மாதிரி." நன்றாகத்தான் ஆரம்பித்தார். லொரெட்டா அம்மாளுக்கு அவர் அடுத்த வரியில் திக்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தைரியம் கொடுப்பதற்காக இடையில் அன்பாகக் கேட்டார்: "எனக்கு இந்த விளையாட்டே தெரியாது மிஸ்டர் ஸ்லோவிக். உங்க டீம் எப்படின்னு நீங்களே சொல்லுங்களேன்."

மொரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

ராய் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மீன் தொட்டி வந்தது. மெழுகு வந்தது. காப்பி வாங்கப் போன பயிற்சியாளர் வந்தார். கடைசியாக வரும் அணிக்குத்தான் அடுத்த வருஷக் குலுக்கலில் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது லீக் வழக்கம். அதற்காகவே ஏழு வருஷம் கடைசியாக வந்து, ஏழு முறையும் குலுக்கலில் தோற்ற கதையும் வந்தது. மன்றம் குலுங்கிச் சிரித்தது. ஆதரவு நாலும் சிரித்தது, எதிர்ப்பு நாலும் சிரித்தது. லொரெட்டா அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராய்க்கு ஜென்மத்தில் இப்படி ஒரு சபை கிடைத்ததில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும், இன்னும் அரை நிமிஷம் கேட்டார். அதையும் கொடுத்தார்கள், மகராசர்கள்.

"தொண்ணூத்தி ஒண்ணு பிப்ரவரி," என்றார் ராய். "கடைசி வினாடி. டெல்பெர்ட் க்வில் பந்தை வாங்கினான், திரும்பினான், சொந்தக் கூடையிலேயே போட்டுட்டு கும்பிடு போட்டான்."

"பிப்ரவரி இல்ல ராய், மார்ச்," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. என் குரல்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"மார்ச், மார்ச். நன்றி," என்றார் ராய், ஒலிபெருக்கியிலேயே.

ஓட்டெடுப்பு. லொரெட்டா அம்மாள் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐம்பது வருஷமா இந்த ஜனங்க பட்டது போதும். இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்." எதிர்ப்பு ஐந்து, ஆதரவு நாலு.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ராய் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கினார். அழுதிருந்தார், மறைக்கவும் இல்லை.

"நல்லதா ஒண்ணு சொல்லணும்னுதான் பார்த்தேன்," என்றார். "பிடிச்சதைத்தானே சொல்ல வருது."

"பெல்ட்டைப் போடு," என்றாள் மொரீன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

இப்போது உங்களிடம் வருகிறேன். கூடைப்பந்தே பார்ப்பதில்லை, நமக்கென்ன என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இருங்கள். நாளைக்கு யாரோ ஒருத்தர் உங்கள் ஊரைப் பற்றி, உங்கள் ஆபீஸைப் பற்றி, இருபது வருஷமாக உங்கள் கூடவே இருக்கும் ஆளைப் பற்றி, நல்ல மனசோடு "எப்படி?" என்று கேட்பார். நீங்கள் ஆரம்பிப்பீர்கள். அவர் சிரிப்பார். இன்னும் ஒன்று சொல்லலாம் போலிருக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பிழைத்தீர்கள். முடியவில்லையென்றால் கூச்சப்படாமல் எங்கள் வரிசைக்கு வாருங்கள். இடம் தாராளமாக இருக்கிறது. ஆட்டம்தான் இல்லை.